ஸ்டீராய்டு களிம்பை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

உங்கள் ஆறு வயது மகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா). பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒரு ஸ்டீராய்டு களிம்பும், தோல் வறளாமல் இருக்க இன்னொரு களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கிவிடும் என்று எங்கோ படித்துப் பயந்து பாதியில் விட்டுவிட்டீர்கள். மாமியார் குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் மூன்றையும் அரைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார். "இதில் எது நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை முழுதாகப் படித்தால், களிம்பை நிறுத்தியது சரிதானா என்ற சந்தேகம்தான் உங்களை அரிக்கிறது என்று தெரிகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: நிறுத்த வேண்டாம். வீக்கமும் அரிப்பும் அடங்கும்வரை களிம்பு, அடங்கிய தோலைப் பேணுவதற்கு எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், களிம்பும் கைவைத்தியமும் ஒன்றோடொன்று மோதாது. உங்கள் மாமியாரோடு நீங்களும் மோத வேண்டியதில்லை.

நான் மருந்தாளுநர். முதலில் மருத்துவமனையிலும், பிறகு சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் ஒரு மருந்துக் கடையிலும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிய கையோடு, பையில் வேப்பிலைக் கட்டும் இன்னொரு கையில் மருத்துவர் தந்த சீட்டுமாக வந்து நிற்பவர்களிடம் பேசுவதுதான் என் அன்றாட வேலை. நான் தோல் மருத்துவர் கிடையாது. சித்த மருத்துவம் முறையாகப் படித்தவனும் இல்லை. உங்கள் மகளை நான் பார்க்கவும் இல்லை. அதனால் மருந்துகளைப் பற்றி உறுதியாகச் சொல்வேன், அவள் தோலைப் பற்றி ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமா சிங்கப்பூரில் ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கிறது. அசுத்தத்தால் வருவதில்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை, "ரத்தம் கெட்டுப்போச்சு" என்பதாலும் வருவதில்லை. இவர்களுடைய தோலின் மேலடுக்கு பிறவியிலேயே கொஞ்சம் ஓட்டையானது. ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் குறை இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். எல்லாருக்கும் அந்த ஒரே குறைதான் என்று சொல்ல முடியாது. ஆனால் விளைவு ஒன்றுதான். உள்ளே இருக்க வேண்டிய ஈரம் வெளியேறுகிறது, வெளியே நிற்க வேண்டிய தூசு, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழைகிறது. கிழிந்த கொசுவலைக்குள் படுத்திருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே புகுந்த கொசுவை விரட்டவும் வேண்டும், கிழிசலைத் தைக்கவும் வேண்டும். ஸ்டீராய்டு முதல் வேலையைச் செய்கிறது, ஈரப்பதக் களிம்பு இரண்டாவதைச் செய்கிறது. பிரச்சினை என்னவென்றால், வீக்கம் அடங்காத தோலில் எந்த எண்ணெயைப் பூசினாலும் பிள்ளை சொறிந்து சொறிந்து கிழிசலைப் பெரிதாக்கிவிடும்.

ஸ்டீராய்டு பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் உண்மையும் இருக்கிறது. வீரியமான ஸ்டீராய்டை முகத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், கோடு விழும். அப்படி நெடுநாள் பூசிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வருவதும் உண்டு. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பலதுறை மருந்தகத்தில் முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் அல்லது அதைவிட ஓரிரு படி கூடுதலானது. உங்கள் ட்யூபில் என்ன பெயர் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, பாருங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது நம் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன்தான், மூலக்கூறு அளவில் இரண்டும் ஒன்றே. தோலில் பூசும் மருந்தாக இது 1952 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் மாமியாருக்குப் பிடிக்கும்: கார்ட்டிசோன் வகை மருந்துகளை முதலில் மலிவாகத் தயாரிக்க முடிந்ததே மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த பொருளால்தான். "கெமிக்கல்", "இயற்கை" என்று கோடு கிழித்துப் பிரிப்பது அவ்வளவு எளிதில்லை.

கடையில் நான் அடிக்கடி பார்ப்பது அளவுக்கு மீறிப் பூசுவதை இல்லை, போதாமல் பூசுவதை. ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த 15 கிராம் ட்யூபைக் கொண்டுவந்து, "இது கேட்கவே இல்லை, வேற குடுங்க" என்பார்கள். ட்யூபை வாங்கிப் பார்த்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கும். பயந்து பயந்து கடுகளவு தொட்டுப் பூசியிருப்பார்கள், இரண்டு நாளில் நிறுத்தியிருப்பார்கள், நாலாம் நாள் மறுபடியும் அரிப்பு. அளவு இதுதான்: உங்கள் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். மகளின் இரண்டு முழங்கை மடிப்புக்கும் சேர்த்து அதில் பாதியே போதலாம். மருத்துவர் சொன்ன நாள்வரை பூசுங்கள். தடவிப் பார்த்தால் தோல் சமமாக, மெத்தென்று இருக்க வேண்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், புத்தகங்களிலும் இணையத்திலும் கரப்பான் என்றால் சிவப்பாக இருக்கும் என்றே எழுதியிருப்பார்கள். நம் நிறத் தோலில் அது பழுப்பாக, சாம்பல் பூத்த கருப்பாக, சில சமயம் ஊதா சாயலில் தெரியும். ஆறிய பிறகு அந்த இடம் சில மாதங்களுக்குச் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ கறுத்தோ நிற்கும். வெளுப்பைப் பார்த்ததும் "களிம்பு தோலை வெளுக்கவைத்துவிட்டது" என்று பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். வீரியமான ஸ்டீராய்டு தோலை வெளுக்கவைப்பது உண்டுதான். ஆனால் பிள்ளைகளிடம் பெரும்பாலும் அது ஆறிய வீக்கத்தின் தடம், மெல்ல மெல்ல நிறம் திரும்பும்.

சரி, மூலிகைக்கு வருகிறேன். முதலில் மாமியார் சொன்ன மூன்று.

குப்பைமேனி. சொறி சிரங்குக்கு இதை அரைத்துப் பூசுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். கிருமிகளை ஓரளவு தடுக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளின் கரப்பானை ஆற்றுகிறது என்று சொல்லப் போதுமான சான்று இல்லை. இதைப் பூசச் சொல்ல நான் தயங்குவதற்கு முக்கியக் காரணம் வேறு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனியை உட்கொண்டு, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தான நிலைக்குப் போனதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேலே பூசினால் அப்படி நடக்குமா என்பது தெளிவில்லை. ஆனால் சொறிந்து புண்ணான தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகும், பிள்ளை கையை வாயில் வைக்குமா என்பதையெல்லாம் யார் அளந்தார்கள்? சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். மகள் இங்கே பிறந்திருந்தால் அவளுடைய சுகாதாரக் கையேட்டில் முடிவு எழுதியிருக்கும், இன்றே எடுத்துப் பாருங்கள். ஊரில் பிறந்தவள் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். குறை இருந்தால் குப்பைமேனி அறவே வேண்டாம். மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி குறையுள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு மருதாணியை மேலே பூசியதாலேயே சிவப்பணுக்கள் உடைந்ததாக மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. தீபாவளிக்குக் கையில் கோலம் போடும்முன் இது நம் வீடுகளில் பலருக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், அடுக்குமாடிக் கீழ்த்தளத்து ஓரத்தில் முளைத்த செடியைப் பிடுங்கி அரைக்காதீர்கள். பூனை, நாய் சிறுநீர் கழித்திருக்கும், கொசு மருந்தோ களைக்கொல்லியோ பட்டிருக்கும். பூங்காவில் பறிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

வேப்பிலை. அம்மை கண்டால் நாம் அதைத் தேடுவோம், அந்த மதிப்பு அதற்கு உண்டு. கரப்பான் தோலில் அதிகமாகக் குடியேறும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியை வேம்பு ஆய்வகத் தட்டில் அடக்குகிறது. பிள்ளையின் தோலில் அடக்குகிறதா என்பதற்கு நல்ல ஆய்வு இல்லை. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீர் நன்றாக ஆறி, வெதுவெதுப்பாக இருக்கும்போது, புண் இல்லாத நாளில் குளிக்க ஊற்றினால் பெரிய கெடுதல் வராது. எரிகிறது என்று பிள்ளை சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆனால் வேப்பெண்ணெய் வேறு விஷயம். பச்சைக் குழந்தைகளுக்குச் சளி, வயிற்றுப் பிரச்சினை என்று வேப்பெண்ணெய் புகட்டி, வாந்தியும் வலிப்புமாக மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளை மலேசிய மருத்துவர்கள் 1981-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்த எண்ணெயைக் கொடுத்தவர்கள் நம் மாதிரிக் குடும்பங்கள், பாசத்தோடுதான் கொடுத்தார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேப்பெண்ணெய் பாட்டில் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். உள்ளுக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

மஞ்சள். அதிலுள்ள குர்குமின் வீக்கத்தைக் குறைக்கும் தன்மை உடையதுதான். ஆனால் அது நீரில் கரையாது, அரைத்துப் பூசும்போது தோலுக்குள் இறங்குவதும் குறைவு. சிலருக்கு மஞ்சளே ஒவ்வாமையைக் கிளப்பும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, மஞ்சள் பூசிய தோலில் எதுவும் தெரியாது என்பது. புண் சீழ் கோத்திருக்கிறதா, பொருக்கு தட்டியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க முடியாது, உங்களுக்கும் தெரியாது. எலுமிச்சைச் சாறு யாராவது சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். புண்ணில் எரியும், சாறு பட்ட இடத்தில் நம் ஊர் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வரும்.

இன்னொரு விஷயத்தை எந்தப் பாட்டியும் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் மருத்துவ உலகமே இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. உடைந்த தோலில் உணவுப் பொருளைத் தேய்த்தால், அந்த உணவுக்கே உடம்பு பகையாக மாறலாம். வாய் வழியாக உள்ளே போகும் உணவை உடம்பு பழகிக்கொள்கிறது. அதே உணவு வீங்கிய தோல் வழியாக நுழைந்தால் எதிரி என்று குறித்துக்கொள்கிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 2011-ல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். இப்போது நம் நலங்கு மாவை நினைத்துப் பாருங்கள்: கடலைப் பருப்பு, பாசிப்பயறு, சில வீடுகளில் பாதாம், கோதுமைத் தவிடு. ஆரோக்கியமான தோலுக்கு அது அழகான வழக்கம், நானே ஆதரிப்பேன். கரப்பான் உள்ள பிள்ளைக்கு, அதுவும் தோல் வெடித்திருக்கும்போது, வேண்டாம். பால், தயிர், பாதாம் எண்ணெய், கடலை எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே காரணம் பொருந்தும்.

எதைப் பூசலாம் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா. தேங்காய் எண்ணெய்க்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. பிலிப்பீன்ஸில் லேசான, நடுத்தரக் கரப்பான் உள்ள 117 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுத்தமான கன்னித் தேங்காய் எண்ணெயும் மற்றதற்குக் கனிம எண்ணெயும் 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த முடிவில் தேங்காய் எண்ணெய்ப் பிரிவுக்கே நல்ல முன்னேற்றம். ஒரே ஆய்வை வைத்து எல்லாம் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம்பி முயற்சி செய்யப் போதும். சூடாக்காமல் பிழிந்த, மணமோ கற்பூரமோ மூலிகையோ சேர்க்காத எண்ணெயாக வாங்குங்கள். இரவு வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடம் குளிக்கவைத்து, துண்டால் ஒற்றி, ஈரம் காயும்முன் பூசுங்கள். ஸ்டீராய்டு போட வேண்டிய இரவானால் இரண்டையும் ஒன்றாகக் குழைக்காமல் சுமார் கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள். குளிரூட்டியில் தூங்கும் பிள்ளைக்கு இரவில் இந்தக் கனமான எண்ணெய் பொருத்தம். பகலில், பள்ளித் திடலில் ஓடி வியர்க்கும் நேரத்தில், எண்ணெய் வியர்வையை அடைத்து வேர்க்குருவைக் கிளப்பும். அப்போது மருந்தகம் கொடுத்த இலேசான களிம்பே நல்லது, தாராளமாக, வாரத்துக்கு 250 கிராம்வரை தீர்ந்தாலும் தவறில்லை. தேமல் உள்ள இடத்தில் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. ஆலிவ் எண்ணெயையும் தவிருங்கள். 2013-ல் இங்கிலாந்தில் நடந்த சிறிய ஆய்வில் அது தோலின் மேலடுக்கைக் குலைப்பது தெரிந்தது.

ஓட்ஸை மிக நைசாக அரைத்துச் சேர்த்த குளியல் பொடி, களிம்பு வகைகள் அரிப்பைத் தணிக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2003-ல் அதைத் தோல் காக்கும் பொருளாகவே ஏற்றுக்கொண்டது. ஓட்ஸும் உணவுதானே என்று நீங்கள் கேட்டால் நியாயம். அதனால் சமையலறை ஓட்ஸை அரைத்துத் தேய்க்காமல், இதற்கென்று தயாரித்ததையே வாங்கச் சொல்கிறேன்.

கற்றாழையைப் பலர் தவறாகப் பூசுகிறார்கள். மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக, கசப்பு நெடியோடு ஒரு பால் வடியும். அதுதான் அரிப்பைக் கிளப்புவது. வெட்டிய மடலை ஒரு டம்ளரில் வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். டம்ளர் அடியில் மஞ்சள் தேங்கிய பிறகு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரிச் சோற்றை ஏழெட்டு முறை கழுவி எடுங்கள். வெயிலில் கன்றிய தோலுக்குக் குளுமை தரும். கரப்பானை ஆற்றும் என்று சொல்ல மாட்டேன்.

கடையில் விற்கும் "முழுக்க மூலிகை" களிம்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பூசிய மூன்றாம் நாளே பளிச்சென்று ஆறுகிறதா? சந்தேகப்படுங்கள். மூலிகைக் களிம்பு என்று இணையத்திலும் தெரிந்தவர் மூலமும் விற்றவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டுக்குப் பயந்து ஓடிய பெற்றோர், பெயரும் அளவும் தெரியாத அதைவிட வீரியமான ஸ்டீராய்டைக் குழந்தையின் முகத்தில் பூசிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும். அழகுப் பொருள்களை விற்கும்முன் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இங்கே இருக்கிறது. ஆனால் தெரிவித்துவிட்டார்கள் என்பதற்காக ஆணையம் அதைச் சோதித்துச் சான்று தந்ததாக அர்த்தமாகாது. ஊரிலிருந்து வரும் பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்துகளைப் பிள்ளைக்கு உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். சீன மருத்துவர்களுக்கு இங்கே சட்டப்படி பதிவு உண்டு, சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்கு அப்படிப் பதிவு கிடையாது. யாரிடமாவது போவதானால் அவர் எங்கே படித்துப் பட்டம் பெற்றார் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும்: கத்தரிக்காய், கருவாடு, இறால், முட்டை கூடாது என்பார்கள். சாப்பிட்டதும் அரிப்போ தடிப்போ வருகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதியுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் முட்டையும் மீனும் பாலும் நிறுத்தினால் வளர்கிற பிள்ளைக்குச் சத்துதான் குறையும். கத்தரிக்காயை ஒதுக்கினால் ஒன்றும் ஆகாது, மாமியார் மனம் குளிர அதை விட்டுக்கொடுங்கள்.

புதிதாக எதைப் பூசினாலும், அது தேங்காய் எண்ணெயாகவே இருந்தாலும், முதலில் கரப்பான் இல்லாத முன்கையின் உட்புறத்தில் ஒரு காசு அளவு இடத்தில் காலை மாலை ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை, இரண்டு மூன்று நாள் கழித்தும் கிளம்பும். ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருள் வேண்டாம், எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

களிம்பைச் சரியான அளவில் இரண்டு வாரம் பூசியும் அடங்கவில்லை என்றால் பலதுறை மருந்தகத்துக்குத் திரும்பப் போய், மண்டலே சாலையிலுள்ள தேசிய தோல் நிலையத்துக்கோ கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது வீட்டில் பூசும் எல்லா ட்யூபையும் எண்ணெயையும் பொடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாமியார் அரைத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினாலோ நீர் வடிந்தாலோ மறுநாளே காட்டுங்கள். காய்ச்சலோடு, ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி வலித்தால், அது அக்கி வகைக் கிருமி கரப்பானில் பரவியதாக இருக்கலாம். அன்றைக்கு எதையும் பூசாமல், இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.